இரண்டாம் தடவை

சென்ற வருஷம் ஒரு பத்திரிகையின் தீபாவளி மலரில் நான் ஒரு கதை எழுதியிருந்தேன். கதாநாயகர் அடையாற்றில் வசிக்கும் ஒரு கம்பெனி அதிகாரி. நல்ல மனிதர், மனைவியிடம் பிரியமுள்ளவர். ஒரு நாள் இரவு விருந்தொன்றில் குடித்துவிட்டுத் தாமே காரை ஓட்டிக்கொண்டு வருகிறார். திரு.வி.க. பாலத்தின் இறக்கத்தில் ஒரு சைக்கிள்காரன் மேல் மோதிவிடுகிறார். அவன் இறந்துபோகிறான். பிறகு மூன்று பக்கம் மனஸ்தாபம். கடைசிப் பக்கத்தில், இறந்தவனுடைய குழந்தைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிவிட்டு, கார்ச் சாவியை ஆற்றில் எறிகிறார். அடையாற்று நீரில் சாவி விழுந்த சத்தத்துக்கு மட்டும் நான் ஒரு பாரா செலவழித்திருந்தேன்.

கதை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கண்ணீர் விட்டதாக எழுதினவர்கள் பலர். தமிழ் எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்? நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தபோது மயிலாப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கச்சேரி ரோடுப் பக்கம் வசிக்கும் ஒரு வயதான அம்மாள் எழுதியது. கையெழுத்து குண்டுகுண்டாக, அழகாக இருந்தது. விஷயம் இரண்டே வரி:

"உங்கள் கதையில் வரும் அந்த மனிதர் அதற்கு முன் எத்தனை தடவை குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருந்தார்? அதை ஏன் எழுதவில்லை?"

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கதையில் இல்லாத விஷயத்தைப் பற்றிக் கேட்கும் வாசகர்கள் எப்போதும் உண்டு. கதாநாயகிக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று கேட்டுக்கூட ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தக் கேள்வி அப்படிப் போய்விடவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு திரும்பத் திரும்ப வந்தது. எத்தனை தடவை? நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அந்த இரவுதான் முதல் தடவை என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். அப்படி வைத்துக்கொண்டால்தான் வாசகர் அவருக்காக அழுவார்.

ஆகையால் இந்தக் கட்டுரை முதலில் என் கதையைப் பற்றிய விமர்சனம். அதோடு ஒரு சட்டத்தைப் பற்றிய விமர்சனமும் ஆகும். நான் சட்டம் படித்தவனல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனாலும் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன் என்ற தகுதியில், ஒரு சட்டத்தைக் கதையாகப் படித்துப் பார்க்க எனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

நம்முடைய இலக்கியத்தில் குடிகாரனுக்கு எப்போதும் ஒரு செல்வாக்கு உண்டு. அதற்கு மூலபுருஷன் தேவதாஸ். சரத் சந்திரர் எழுதிய அந்த வங்காளி நாவல் 1917-இல் புத்தகமாக வந்தது. 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் படமாக வந்தபோது, நம் ஊரில் அவனுக்காக அழாத பெண்பிள்ளை இல்லை. ஆண்பிள்ளைகள் இருட்டில் அழுதார்கள். இன்றும் காதலில் தோற்றுத் தாடி வளர்க்கும் பையனுக்கு அவன் பெயரைத்தான் வைக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேவதாஸ் ரயிலில் போகிறான்; கடைசி யாத்திரையில் மாட்டு வண்டியில் போகிறான். ரயிலை ஓட்டுகிறவன் வேறொருவன், வண்டி மாட்டை ஓட்டுகிறவனும் வேறொருவன். பார்வதியின் வீட்டு வாசலில் அவன் ஒருவன்தான் சாகிறான். அவன் குடித்த குடி அவனைக் கொன்றது. வேறு யாரையும் கொல்லவில்லை. அதனால்தான் நம்முடைய இரக்கம் முழுவதையும் அவனே எடுத்துக்கொள்ள முடிந்தது. தேவதாஸின் கையில் ஒரு கார்ச் சாவியைக் கொடுத்திருந்தால் சரத் சந்திரர் அந்த நாவலை வேறு மாதிரிதான் எழுதியிருக்க வேண்டும். நான் சாவியையும் கொடுத்துவிட்டு நாவலை மட்டும் பழைய மாதிரியே எழுதினேன். என் கதையின் முதல் குற்றம் அது.

இரண்டாவது குற்றத்தைத்தான் அந்த அம்மாள் பிடித்தாள். அதை விளங்கிக்கொள்ள நான் மோட்டார் வாகனச் சட்டத்தை வாங்கிப் படித்தேன்.

1988-ஆம் வருஷத்துச் சட்டம் அது. அதில் 185-ஆம் பிரிவு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றியது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். நிதானமாக ஓட்டினேன், நேர்கோட்டில் ஓட்டினேன் என்றெல்லாம் சொல்லிப் பிரயோசனமில்லை. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே குற்றத்தை மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பழைய கணக்கு. 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் முதல் தடவைக்கு 10,000 ரூபாய், அடுத்த தடவைகளுக்கு 15,000 ரூபாய் என்று ஆயிற்று. சிறைத் தண்டனையின் அளவு மாறவில்லை. பத்திரிகைகள் எல்லாம் இந்த ரூபாய்க் கணக்கைத்தான் பெரிதாகப் போட்டன.

எனக்கு வேறொரு மாறுதல்தான் பெரிதாகப் பட்டது. அந்த 'மூன்று வருஷத்துக்குள்' என்ற வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். 1988-இல் சட்டத்துக்கு மூன்று வருஷம்தான் ஞாபகசக்தி இருந்தது. மூன்று வருஷமும் ஒரு நாளும் கழித்து மாட்டிக்கொண்டவன் மறுபடியும் புது மனிதன். 2019-க்குப் பிறகு அப்படியில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் இரண்டாம் தடவை இரண்டாம் தடவைதான்.

இங்கிலாந்தில் இந்த ஞாபகம் பத்து வருஷம். அங்கே முதல் தடவை தண்டனை பெற்றவன் சாதாரணமாகக் குறைந்தது ஒரு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது. பத்து வருஷத்துக்குள் மறுபடியும் தண்டனை பெற்றால் குறைந்தது மூன்று வருஷம்.

நம்முடைய சட்டம் அதைவிட ஒரு படி மேலே போகிறது. முதல் தடவை தண்டனை கொடுக்கும் கோர்ட்டு, குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் வைத்துக்கொள்ளத் தகுதியில்லை என்று உத்தரவு போட வேண்டும். இது 20-ஆம் பிரிவு. 22-ஆம் பிரிவைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 185-இல் முன்பே தண்டனை பெற்றவன் மறுபடியும் அதே பிரிவில் தண்டனை பெற்றால், கோர்ட்டு அவனுடைய லைசென்ஸை ரத்துச் செய்தே ஆகவேண்டும். செய்யலாம் என்றில்லை. அதில் மாஜிஸ்திரேட்டின் இஷ்டத்துக்கு இடமே கிடையாது.

இதை எழுதினவர் யாரோ, மனித சுபாவம் தெரிந்தவர். கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் ஒரு காரியத்தை ஒரு தடவை செய்தால் அது சம்பவம். இரண்டாம் தடவை செய்தால் அது அவனுடைய குணம். அபராதம் கட்டி, ஆறு மாதம் பஸ்ஸில் போய், மனைவியிடம் பேச்சு வாங்கி, அத்தனைக்கும் பிறகு மறுபடியும் குடித்துவிட்டுச் சாவியைத் திருகுகிறவனிடம் தர்க்கம் பண்ணிப் பிரயோசனமில்லை. சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சட்டம் அதைத்தான் சொல்லுகிறது. நான் மூன்று பக்கம் மனஸ்தாபம் எழுதி, கடைசியில் சாவியை அவரே எறியும்படி செய்தேன். சட்டம் ஒரு வாக்கியத்தில், அழாமல், முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. கலை என்ற முறையில் எது உயர்ந்தது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

சரி, இவ்வளவு நன்றாக எழுதிய கதை ஏன் அரங்கேறுவதில்லை? இதுதான் என்னைத் தொந்தரவு செய்த கேள்வி. வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

முந்தின தண்டனையைக் காட்டி அதிகத் தண்டனை கேட்பதானால், அந்த முந்தின தண்டனையின் தேதி, இடம் எல்லாவற்றையும் குற்றச்சாட்டிலேயே எழுதியாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. நியாயமான விதிதான். ஒருவனைப் 'பழைய குற்றவாளி' என்று வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாதல்லவா? ஆனால் இதன் பலன் என்னவென்றால், யாராவது முதல் தடவையைத் தேடி எடுத்து எழுதினால்தான் இரண்டாம் தடவை பிறக்கும். எழுதாவிட்டால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவையே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் தடவை கோர்ட்டுக்கே போகாமல் இழுத்தடிக்கிறவனுக்குத் தண்டனையே இன்னும் ஆகவில்லை. ஆகவே அவன் இரண்டாம் தடவை பிடிபட்டாலும் சட்டத்தின் கண்ணில் பரிசுத்தமானவன்! ஒழுங்காக அபராதம் கட்டினவனுக்குத்தான் சரித்திரம் உண்டு. 2022, 2023-ஆம் வருஷங்களில் நம் நகரத்துப் போக்குவரத்துப் போலீஸார், குடித்து ஓட்டிய வழக்கில் அபராதம் கட்டாதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவதற்கென்றே ஆட்களை உட்கார்த்தி வைத்தார்கள். அப்படியும் கட்டாவிட்டால் கோர்ட்டில் வாரண்டு வாங்கி வாகனத்தை ஜப்தி செய்வதாக எச்சரித்தார்கள். பலர் இதைப் பணம் வசூலிக்கும் வேலை என்று கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் முதல் அத்தியாயங்களை முடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் அத்தியாயம் முடிந்தால்தானே இரண்டாவது தொடங்கும்?

முதல் தடவைத் தண்டனை எப்படி இருக்கும் என்பதற்கு அடையாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் ஒரு நாள் இரவு நடிகர் ஜெய் ஓட்டிவந்த கார் அடையாறு மேம்பாலத்துச் சுவரில் மோதியது. குடித்து ஓட்டினார் என்று வழக்கு. சைதாப்பேட்டைக் கோர்ட்டில் ஆஜராகாததால் பிடிவாரண்டு பிறந்தது. பிறகு அக்டோபர் மாதத்தில் ஆஜராகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 5,200 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று உத்தரவு. அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எடுக்கவில்லை. ஒப்புக்கொண்டார், தண்டனையை ஏற்றுக்கொண்டார். அதோடு விஷயம் தீர்ந்தது. புகழ் பெற்றவர் என்பதால் அவருடைய முதல் அத்தியாயத்தை ஊர் முழுவதும் படித்துவிட்டது. சாதாரண மனிதனுடைய முதல் அத்தியாயத்தை யார் படிக்கிறார்கள்? அது ஏதோ ஒரு கட்டில் ஒரு தாளாகக் கிடக்கிறது. வெளியே அதைப் படித்தவர்கள் அவன் வீட்டாரும் சிநேகிதர்களும்தான்.

இங்கேதான் நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு மந்தைவெளியில் ஒரு சிநேகிதர் உண்டு. தியாகராய நகரில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷன். என் முதல் புத்தகம் அச்சானபோது காகிதத்துக்குப் பணம் கொடுத்தவர் அவர். சாயங்காலம் கடை சாத்தின பிறகு கொஞ்சம் குடிப்பார். 2015-இல் லஸ் முனையில் போலீஸார் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். அபராதம் கட்டினார். அந்த அநுபவத்தை அவர் எங்களுக்கு நடித்துக் காட்டியபோது வயிறு வலிக்கச் சிரித்தோம்.

2017-இல் ஜி.என். செட்டி ரோடில் மறுபடியும். இந்தத் தடவை துணைக்கு என்னைக் கோர்ட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவருக்காகப் பேச வந்திருந்த வக்கீல், காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, "இதுதானே சார் முதல் தடவை?" என்று கேட்டார்.

சிநேகிதர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமாம்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிரே சுவரில் ஒட்டியிருந்த வழக்குப் பட்டியலை வெகு சிரத்தையாகப் படிக்க ஆரம்பித்தேன். பொய் சொல்லவில்லை. என்னை ஒருவரும் கேட்கவில்லையே! காகிதத்துக்குப் பணம் கொடுத்த சிநேகிதர். ஒரு சொல்லால் அவர் தலையில் கல்லைப் போட வேண்டுமா? உள்ளே பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் நிறுத்தம். வெளியே வந்து எதிர்க்கடையில் காபி சாப்பிட்டோம். அந்த ஆறு மாதத்திலும் அவர் வண்டி ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

22-ஆம் பிரிவைப் பற்றி அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் வாயைத் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை. 2023-இல் ஒரு நாள் இரவு, பெஸன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில், சுண்டல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிய ஒருவன் மேல் அவருடைய கார் ஏறியது. உயிர் போகவில்லை. ஒரு கால் போயிற்று. சட்டப்படி 2017-லேயே ரத்தாகியிருக்க வேண்டிய லைசென்ஸ் அன்று அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். அந்த மனிதன் என்னை யாரோ வேண்டியவர் என்று நினைத்து உட்காரச் சொன்னான். சிநேகிதரைப் பற்றி ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. "பாவம் சார், தெரியாம நடந்துபோச்சு. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே" என்றான். தெரியாமல் நடந்தது என்று அவன் நம்பினான். என் கதையைப் படித்துக் கண்ணீர் விட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். அதற்கடுத்த வருஷம்தான் நான் அந்தத் தீபாவளிக் கதையை எழுதினேன். மனச்சாட்சிக்கு மருந்து போட்டுக்கொள்வதாக நினைத்து எழுதினேன். மருந்து போட்டது எனக்கு. கால் போனது அவனுக்கு.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 188-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. குடித்து ஓட்டுகிறவனுக்கு உடந்தையாக இருக்கிறவனுக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் இதை எடுத்துக்காட்டி, கூடப் போகிறவர்கள் மேலும் வழக்குப் போடுவோம் என்று அறிவித்தபோது ஊரெல்லாம் கூச்சல் போட்டது. "பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ன செய்வான்?" என்று கேட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: அவன் எவ்வளவோ செய்திருக்கலாம்.

பெரிய வழக்குகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006 நவம்பரில் பம்பாயில் பாந்த்ரா கடற்கரைச் சாலையில், நடைபாதையில் தூங்கிய கூலிக்காரர்கள் மேல் ஒரு கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். கீழ்க்கோர்ட்டில் ஆறு மாதம் என்றிருந்த தண்டனையை ஹைகோர்ட்டு மூன்று வருஷமாக்கிற்று. 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. வெறும் கவனக்குறைவு அல்ல, மரணம் விளைவிக்கும் குற்றம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. 2024 மே மாதத்தில் பூனாவில் பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பையன் ஓட்டிய காரால் இரண்டு இளம் எஞ்சினீயர்கள் இறந்தார்கள். சிறுவர் நீதிக் குழு முதலில் அவனை ஜாமீனில் விட்டு, சாலை விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுதும்படி உத்தரவிட்டது. நாடே கொதித்தது, பிறகு உத்தரவை மாற்றினார்கள். கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் நான். 300 வார்த்தையால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த 2,000 வார்த்தையால் என்ன ஆகும் என்பதும் சந்தேகந்தான்.

இந்த வழக்குகளில் எல்லாம் ஊர் கொதிப்பது பிணத்தைப் பார்த்த பிறகு. எத்தனை வருஷம் போடலாம், மூன்றா, பத்தா என்று விவாதம் செய்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் சட்டத்துக்குள் இன்னொரு சந்தர்ப்பம் இருக்கிறது. இரண்டாம் தடவை பிடிபட்டவன் ஊதும் கருவிக்கு முன்னால் நிற்கிற அந்த இரவு. அன்று இன்னும் ஒருவரும் சாகவில்லை. சுண்டல்காரனுக்கு இரண்டு காலும் இருக்கின்றன. அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையைப் பறிமுதல் செய்தால் போதும். அதைவிட மலிவான தண்டனை உலகத்தில் கிடையாது.

அமெரிக்காவில் 1980 மே மாதத்தில் கலிபோர்னியாவில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் சாலையோரமாக நடந்து போகையில் கார் மோதி இறந்தாள். ஓட்டினவன் அதே குற்றத்துக்காக முன்பே பிடிபட்டவன். இன்னொரு வழக்கில் ஜாமீனில் வெளிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணின் தாயார் காண்டி லைட்னர் அந்த வருஷமே தாய்மார்களைத் திரட்டி, குடித்து ஓட்டுவதற்கு எதிராக ஒரு சங்கம் ஆரம்பித்தாள். அமெரிக்கச் சட்டங்கள் கடுமையானதற்கு அந்தச் சங்கம் பெரிய காரணம். பெண்ணைப் பறிகொடுத்தவளுடைய கோபம் ஒரு பங்கு. அவனைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருந்தும் தெருவில் விட்டார்கள் என்ற கோபம் இன்னொரு பங்கு.

இப்போது நம் தேசத்தில் லைசென்ஸ் விவரங்கள் கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏறிவிட்டன. பதிவேட்டுக்குப் பெயர்கூட 'சாரதி' என்று அழகாக வைத்திருக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் கோயில் கொண்டிருக்கும் சாரதிக்கு யுகம் யுகமாக ஞாபகம் உண்டு. இந்தச் சாரதிக்கு அவ்வளவு வேண்டாம். லஸ் முனையில் நடந்தது ஜி.என். செட்டி ரோடுக்குத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு தண்டனையும் அன்றைக்கே அதில் ஏறவேண்டும். ஒவ்வொரு குற்றச்சாட்டும் எழுதப்படுமுன் அதைத் திறந்து பார்க்க வேண்டும். புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

மதுவிலக்கைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ராஜதானி முழுவதும் 1948-லிருந்து 1971 வரை மதுவிலக்கு இருந்தது. இப்போது சில்லறை மதுக்கடையை அரசாங்கமே நடத்துகிறது. அந்தப் பெரிய விவாதத்துக்குள் நான் போகவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் கடைசிக் குறளில் அவர் கேட்கும் கேள்வி ஞாபகத்தைப் பற்றியது: குடிக்காத வேளையில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கிறவன், தன் கதியும் இதுதானே என்று நினைத்துப் பார்க்கமாட்டானா? பார்க்கமாட்டான் என்பதுதான் அநுபவம். அவனுக்காக வேறு யாராவதுதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அந்த மயிலாப்பூர் அம்மாளுக்குப் பதில் எழுதினேன். கதையை மாற்றி எழுதியிருப்பதாகவும், இந்தப் புதுக் கதையில் அந்த இரவு கதாநாயகருக்கு நாலாவது தடவை என்றும், முந்தின மூன்று தடவையும் யார் யாருக்குத் தெரியும் என்ற விவரத்தோடு கதை தொடங்குகிறது என்றும் எழுதினேன். மனைவிக்குத் தெரியும். காவல்காரனுக்குத் தெரியும். ஒரு சிநேகிதனுக்குத் தெரியும். சாவியை ஆற்றில் எறியும் கட்டத்தை எடுத்துவிட்டேன். புதுக் கதையைப் படித்த பத்திரிகாசிரியர், "பழையதில் இருந்த உருக்கம் இதில் இல்லையே" என்றார். இல்லைதான்.

பத்து நாள் கழித்து அம்மாளிடமிருந்து பதில் வந்தது. அதே குண்டுகுண்டான எழுத்து.

"நீங்கள் நாலாவது என்று எழுதியது சரி. என் பிள்ளைக்கு அது ஆறாவது. ஐந்து தடவையும் ராத்திரி நான்தான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். மோர் கலந்து கொடுத்தேன். காலையில் அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு தடவை போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது, 'இதுதான் முதல் தடவை, என் பிள்ளை அப்படிப்பட்டவனில்லை' என்று நானே சொன்னேன். ஆறாவது தடவை இறந்துபோன பையனுக்குப் பத்தொன்பது வயது. அவன் அம்மாவை நான் போய்ப் பார்க்கவில்லை. நீங்கள் அந்தச் சுண்டல்காரரைப் போய்ப் பார்த்தது நல்லது."

விமர்சனம் என்று நான் இத்தனை பக்கம் எழுதியதையெல்லாம் அந்த அம்மாள் ஒரு கார்டில் எழுதிவிட்டாள். சட்டத்துக்கு ஞாபகமறதி என்று நான் குறை சொன்னேன். அந்த மறதியில் ஒரு பாதியாவது நம்முடைய கைங்கரியம். நாம் வாயைத் திறக்காததால்தான் மாஜிஸ்திரேட்டின் மேஜைக்கு முதல் தடவைகளாகவே வந்து சேர்கின்றன. அடுத்த தடவை கோர்ட்டுத் தாழ்வாரத்தில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், நான் சுவரைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன்.

அந்தச் சிநேகிதரிடம் இந்தக் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "போடு" என்றார்.